இரண்டு கையிலும் ஒரே தப்பு

பால் பாக்கெட்டை வாங்கியதும் ஞானகுமாரி முதலில் தேதியைப் பார்ப்பாள். பிறகு நான்கு முனைகளையும் விரலால் தடவிப் பார்ப்பாள். எவனாவது ஊசி போட்டுப் பாலை உறிஞ்சியிருந்தால் முனையில் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. இதுவரை ஒரு பாக்கெட்டிலும் ஓட்டை அகப்படவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை, இந்தப் பால்காரன் கைதேர்ந்தவன் என்றுதான் முடிவு கட்டினாள். எடை பார்க்காமல் எந்தக் கேஸ் சிலிண்டரும் அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அம்பத்தூர் மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தாலே தக்காளிக்காரி தராசைத் துடைத்து வைப்பாள். அவள் கணவர் டேவிட், பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். சாயங்காலம் நடை போய்விட்டு வந்தால், எந்தத் தெரு வழியாகப் போனார், யாரோடு நின்று பேசினார் என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். அவள் கேட்கட்டும் என்று இருந்தால் கேள்வி நீண்டுகொண்டே போகும்.

இப்படிப்பட்ட மனுஷியை ஊரும் உறவும் கொஞ்சம் எட்ட வைத்தே பார்க்கும். ஆனால் கர்த்தர் யாரையும் வீணாகப் படைப்பதில்லை போலிருக்கிறது. அவளுடைய இந்தக் குணத்துக்கென்றே உலகத்தில் ஒரு வேலையை உண்டாக்கி வைத்திருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், நட்டு போல்ட்டுக் கடைக்கு மேல் மாடியில், பழைய தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே டபுள் கீயிங் என்று ஒரு முறை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வார்கள். ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியாது, தெரியவும் கூடாது. இரண்டு ஃபைலையும் சேர்த்து வைத்தால், எங்கே வேறுபடுகிறதோ அங்கே கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்து, ஸ்கேன் செய்த பக்கத்தையும் பார்த்து, யார் சரி யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறவள் ஞானகுமாரி. ஆபீசில் அவளுக்குக் 'கம்பேர் அக்கா' என்றே பெயர்.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. மனுஷர் எல்லாரும் தப்புச் செய்வார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு இடத்தில் செய்வார்கள். ஒருத்தி தூங்கி விழுகிற இடத்தில் இன்னொருத்தி முழித்துக்கொண்டிருப்பாள். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு வந்தால் அதற்குத் தப்பு என்று பெயரில்லை, காப்பி என்று பெயர். இந்தக் கொள்கையை வைத்து அவள் பிடித்தவர்கள் ஏராளம். பிடிபட்டவர்கள் முதலில் சத்தியம் செய்வார்கள், பிறகு அழுவார்கள், கடைசியில் ஒத்துக்கொள்வார்கள். சத்தியம் செய்கிற கட்டத்திலேயே ஞானகுமாரிக்கு மனம் நிறைந்துவிடும். இவள் இன்னும் எத்தனை நேரம் தாங்குவாள் பார்ப்போம் என்று டீ வரவழைத்துக் குடிப்பாள். நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன் வடிவு. பாடியில் ஒரு மாடியில் பென்ஷன் ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலிருந்து சிநேகம். ஞானகுமாரி அங்கே முன்னால் சேர்ந்தவள், வடிவு பின்னால் வந்தவள். நூம்பலில் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிக் கைமாறிய பிறகு, வீட்டிலிருந்து முதன்முதலாகச் சம்பளத்துக்கு வெளியே கிளம்பிய பெண். கீபோர்டில் எந்த விரல் எங்கே என்று கையைப் பிடித்து வைத்துப் பழக்கியது ஞானகுமாரிதான். வடிவு சில்லறை கொடுத்தால் ஞானகுமாரி எண்ணாமல் பர்ஸில் போட்டுக்கொள்வாள். டேவிட்டுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை அது.

வடிவின் கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு அவளால் வெளியே போக முடியாது. முதலாளி ஹேமநாதனிடம் மல்லுக்கு நின்று, வடிவுக்குக் கம்பெனி லேப்டாப் ஒன்றை வீட்டுக்கே வாங்கிக் கொடுத்ததும் ஞானகுமாரிதான். அந்த வேலை இருந்தால்தான் நூம்பல் வீட்டில் அடுப்பும் எரியும், மாத்திரையும் வரும். இது ஞானகுமாரிக்குத் தெரியாததல்ல.

இந்த ஆண்டு வந்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் வெளிநாடுகளில் வீட்டு உபயோகத்துக்கென்று கம்ப்யூட்டர்கள் விற்றார்கள், டிவியோடு ஒயரை மாட்டி ஓட்டுகிற வகை. அவற்றை இன்றைக்கும் சேர்த்து வைத்து, துடைத்து, ஓட்டிப் பார்த்து மகிழும் ஒரு கூட்டம் எங்கோ குளிர்தேசத்தில் இருக்கிறது. அந்த மெஷின்களோடு வந்த புத்தகங்கள் மக்கிப் பழுப்பேறிக்கொண்டிருந்ததால் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள்.

"செத்துப்போன மெசினுக்கு இன்னாத்துக்குக்கா புக்கு?" என்றான் ஸ்கேன் படங்களைச் சரிசெய்யும் இமேஜ் வேலை பார்க்கும் ஜெகதீசன். "யார் படிப்பான் இத்த?"

"அதான் எனக்கும் புரியல. இதுல வேற இன்னாவோ கீது," என்றாள் ஞானகுமாரி. வேறு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருவருக்கு ஒன்று சும்மா பிடிக்கும் என்பதை அவளால் நம்ப முடிந்ததில்லை.

விளக்கப் பக்கங்களை மெஷினே படித்துவிட்டது. புத்தகத்தின் பின்பாதிதான் தலைவலி. ப்ரோகிராம்களை வரிவரியாக அச்சடித்து, வாங்கியவன் தானே தட்டிக்கொள்ள வேண்டும் என்று விட்டிருந்தார்கள். பக்கம் முழுக்க எண்கள், நடுநடுவே ஆங்கில எழுத்துகள். அந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி என்று எஃப் வரைக்கும் எழுத்தும் எண்ணாகவே நிற்கும். புள்ளி புள்ளியாகக் குத்தும் பழைய பிரிண்டரில் எடுத்த அச்சு அது. ரிப்பன் தேய்ந்த இடங்களில் பாதிப் புள்ளி விழவே இல்லை. மெஷின் அதைப் படிக்கப் போய்க் கண்டதையும் உளறியது. ஆகவே டபுள் கீயிங். ஒரு கை வடிவு. இன்னொரு கை முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கும் எழிலரசி. அவளும் வீட்டிலிருந்தே அடிப்பவள், ஞானகுமாரியிடம் வேலை பழகியவள். வடிவும் எழிலரசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அப்படித்தான் ஞானகுமாரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபைல்கள் அழகாக வந்தன. சிவப்பு மிகக் குறைவு. ஞானகுமாரி சரியென்று ஒப்புக்கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

பிறகு ஒரு காலையில் ஹேமநாதன் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். அவளைவிட வயதில் சின்னவர், மரியாதைக்காரர், கோபத்தைக்கூடக் கும்பிட்டுவிட்டுத்தான் காட்டுவார்.

"அக்கா, உக்காருங்க. அந்தக் கம்ப்யூட்டர் புக்குகாரங்க மெயில் போட்டிருக்காங்க. ப்ரோகிராம் ஒண்ணும் ஓடலையாம். ஒவ்வொரு வரி கடைசியிலயும் அந்த வரியோட கூட்டுத்தொகை இருக்குதாம். கூட்டிப் பாத்தா நிறைய வரி உதைக்குதாம்."

"எங்க உதைக்குது?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பி வர வேண்டிய இடத்தில் எட்டு. டி வர வேண்டிய இடத்தில் சைபர். எல்லாம் அச்சு மங்கிப்போன இடங்கள்.

"ரெண்டு ஃபைலையும் கேட்டு வாங்கிப் பாத்திருக்காங்க. ரெண்டுலயும் அதே இடத்துல அதே தப்பு. உங்க ஊர்ல ரெண்டு பேர் அடிக்கிறாங்களா, இல்ல ஒருத்தர் அடிச்சு ரெண்டு பேர் சொல்றீங்களான்னு கேக்கறாங்க. பத்து நாளைக்குள்ள பதில் சொல்லலன்னா வேலையைத் திருப்பி எடுத்துக்குவாங்களாம்."

ஞானகுமாரிக்கு முகம் சூடேறியது. முப்பது வருடமாக அவள் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை, முகம் தெரியாத யாரோ அவளிடம் கேட்கிறார்கள். அதைவிட, மங்கின இடம் என்பதுதான் அவளை உறுத்தியது. தெளிவான இடத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி அடிப்பது சகஜம். எட்டா, பியா என்று தெரியாத இடத்தில் ஒருத்தி இப்படிப் போனால் இன்னொருத்தி அப்படிப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்களா?

"காப்பி அடிச்சுகீறாங்க சார்," என்றாள். "யாருன்னு நான் கண்டுபுடிச்சுத் தர்றேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், அந்த 'யார்' என்பதில் பாதி வடிவு என்பது அவள் மண்டையில் இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டதில் அவள் எடுத்த பரங்கிக்காய் இரண்டு பேர் தூக்குகிற அளவு இருந்தது. அதில் பாதியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வடிவுக்குப் போன் செய்யாமலே கிளம்பினாள். போன் செய்துவிட்டுப் போனால் எதையாவது மறைத்துவிடுவாள் அல்லவா? ஷேர் ஆட்டோவில் வானகரம் வந்து, பஸ் பிடித்து வேலப்பன்சாவடியில் இறங்கி, பரங்கிக்காயை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி நூம்பல் வரை நடந்தாள். வழியெல்லாம் புதுப் புது அபார்ட்மென்ட்டுகள், நடுவே ஒன்றிரண்டு மாட்டுக் கொட்டகைகள். வடிவு வீட்டு வாசற்கதவு திறந்தே இருந்தது. அவள் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஞானகுமாரியின் நிழல் உள்ளே விழுந்ததும் வடிவு படாரென்று லேப்டாப்பை மூடினாள்.

"கொமாரியா! இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்துகீற? உள்ள வா, வா."

யார் வந்தாலும், நானே வந்தாலும், திரையை மூடிவிட வேண்டும் என்று பழக்கும்போது அடித்து அடித்துச் சொன்னவள் ஞானகுமாரிதான். அது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. என்னைக் கண்டதும் மூடுகிறாளே என்பது மட்டும் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"ஏலத்துல எடுத்தேன். ரெண்டு பேருக்கு இவ்ளோ இன்னாத்துக்கு, அதான் உனக்கும் கொஞ்சம்."

"இத்தத் தூக்கிகினா இவ்ளோ தூரம் வந்தே? பைத்தியம்டி நீ." வடிவு பரங்கிக்காயை வாங்கி வைத்துவிட்டு, உள்ளறையில் படுத்திருந்த கணவரிடம் "கொமாரி வந்துகீது" என்று குரல் கொடுத்தாள். அவர் ஏதோ முனகினார். வடிவு போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, டீ போட அடுக்களைக்குள் போனாள்.

கட்டில் மேல் புடவைகள் மடித்துக் கிடந்தன. லேப்டாப் பக்கத்தில் போன் இருந்தது. ஞானகுமாரி தொடவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. அதற்குள் போனே அடித்தது. அடுக்களையிலிருந்து வடிவு ஓடி வந்து எடுத்துப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

"ம்... ம்... முடிச்சுட்டேன்... இல்ல இல்ல, அந்தக் கலர் எனக்குச் சரியாத் தெர்ல, நீயே பாத்துச் சொல்லு..."

ஞானகுமாரி காதை நீட்டி வைத்துக் கேட்டாள். வடிவு திரும்பி வந்ததும், ஒன்றுமே தெரியாதவள் போல, "யாரு?" என்றாள்.

"முகப்பேர்லேந்து. ஒரு டெய்லர் கடைக்காரம்மா. பொடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுத் தர்றேன்ல, அதான்."

முகப்பேர்! எழிலரசி இருப்பது முகப்பேர். 'சரியாத் தெர்ல, நீயே பாத்துச் சொல்லு.' டெய்லராம், ஃபால்ஸாம். புடவை கண்ணெதிரே கட்டில்மேல் கிடந்தது. ஆனால் ஒரு கண் நம்ப வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டால் புடவையைக் காட்டி என்ன பிரயோஜனம்? முன்கூட்டியே பரப்பி வைத்திருக்கிறாள் என்று ஞானகுமாரி நினைத்தாள். டீயை வாய் வரை கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள். வடிவு டீயில் அவளுக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அதையும்கூட, என்றுமில்லாத உபசாரமாக இருக்கிறதே என்று கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆதாரம் இல்லாமல் வடிவைச் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை ஜெகதீசனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொறி வைத்தாள்.

"ஒரே பக்கத்த ரெண்டு காப்பி போடு. எழிலரசிக்குப் போறதுல இந்த மூணை அஞ்சா மாத்திடு. யார்கிட்டயும் மூச்சு வுடாத."

எழிலரசியைப் பார்த்து வடிவு அடித்தால், மாற்றிய ஐந்து இரண்டு ஃபைலிலும் வரும். வடிவைப் பார்த்து எழிலரசி அடித்தால் மூன்று இரண்டிலும் வரும். இதற்கு முன் இந்தப் பொறி ஒருநாளும் தவறியதில்லை.

ஃபைல்கள் வந்தன. வடிவு மூன்று அடித்திருந்தாள். எழிலரசி ஐந்து அடித்திருந்தாள். அவரவருக்குக் கொடுத்ததை அவரவர் அடித்திருக்கிறார்கள். ஜெகதீசன் சிரித்தான். "இன்னாக்கா, ரெண்டு பேரும் க்ளீனு!"

ஞானகுமாரிக்கு ஒரு நிமிடம் அப்பாடா என்று இருந்தது. ஒரே நிமிடம்தான். வரிகளின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சின்ன ப்ரோகிராம் அனுப்பியிருந்தார்கள். அதில் போட்டுப் பார்த்தால், இந்தப் பக்கத்திலும் மங்கின இடங்களில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அதே எட்டு, அதே சைபர்.

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க எல்லாம் பளிச்சென்று விளங்கியது. வடிவு பழம் தின்று கொட்டை போட்டவள். முழுப் பக்கத்தையும் காப்பியடித்து மாட்டிக்கொள்வாளா? தெளிவான இடத்தை அவளே அடிப்பாள். மங்கின இடம் வந்தால் முகப்பேருக்குப் போன் போட்டு, உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொள்வாள். 'நீயே பாத்துச் சொல்லு.' அவள் காதாலேயே கேட்டாளே! பொறியில் விழாததே குற்றத்துக்குச் சாட்சி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த வேகத்தில் கோபமும் வந்தது. யார் ஏமாற்றினாலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், பிடித்துவிட்ட சந்தோஷம். இதில் அது இல்லை.

"யாராவது ஒருத்தரை நிறுத்தினாப் போதும்க்கா, ஜோடி உடைஞ்சிடும்," என்றார் ஹேமநாதன். "யாரை நிறுத்தலாம்?"

எழிலரசியைச் சொன்னால், சிநேகிதியைக் காப்பாற்றினாள் என்று பேச்சு வரும். அது ஒரு காரணம். சில்லறையை எண்ணாமல் வாங்கிய தன்னையே ஏமாற்றிவிட்டாளே என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"வடிவு," என்றாள்.

அன்று மாலையே வடிவின் லாகின் மூடப்பட்டது. ஹேமநாதன்தான் போன் செய்து சொன்னார். வடிவு சத்தியம் செய்யவில்லை, அழவில்லை, சரிங்க சார் என்று மட்டும் சொன்னாளாம். ஒத்துக்கொள்கிறவள்தான் அப்படிச் சொல்லுவாள் என்று ஞானகுமாரி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் டேவிட்டிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அவர் அன்றைக்கு எந்தத் தெரு வழியாக நடந்தார் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

வேலை நிற்கக் கூடாதே. புது ஆள் கிடைக்கும்வரை வடிவு இடத்தில் ஞானகுமாரியே அடிக்கட்டும் என்று ஏற்பாடு. தான் அடித்ததைத் தானே கம்பேர் செய்யக் கூடாது என்பதால் அந்த வேலை ஜெகதீசன் தலையில் விழுந்தது. வெகு நாளைக்குப் பிறகு கீபோர்டில் உட்கார்ந்தாள். விரல் எதையும் மறந்திருக்கவில்லை. ஒழுங்கான கை என்றால் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் என்ற வீம்போடு பக்கங்களைத் தள்ளினாள்.

மறுநாள் ஜெகதீசன் வந்து அவள் மேஜை ஓரத்தில் நின்றான். உட்காரவில்லை.

"அக்கா."

"இன்னாடா?"

"உன் ஃபைலும் எழிலரசி ஃபைலும் கம்பேர் போட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "செவப்பே இல்ல. கூட்டிப் பாத்தா... மங்குன எடமெல்லாம் ரெண்டுலயும் ஒரே தப்பு. அதே எட்டு, அதே சைபரு."

"இன்னாடா ஒளர்ற?"

"எழிலரசிகிட்ட பேசுனியாக்கா? சும்மா கேக்கறேன். டவுட்டுக்கு எதுனா போன் கீன்..."

"சத்தியமா நான் யார்கிட்டயும் பேசலடா!"

தன் வாயிலிருந்து வந்த சத்தியத்தைத் தானே கேட்டாள். ஜெகதீசன் சரிக்கா என்று தலையாட்டினான். நம்பவில்லை என்பது தலையாட்டலிலேயே தெரிந்தது. யார் கற்றுக்கொடுத்தது, அவளேதானே.

அவன் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டாள். மங்கின இடம். இடது ஓரத்துப் புள்ளிகள் பாதி விழவில்லை. எட்டாகவும் இருக்கலாம், பியாகவும் இருக்கலாம். நிதானமாகப் பார்த்தால் பி என்றுதான் தோன்றியது. பிறகு ஏன் தன் விரல் எட்டைத் தட்டியது? அடித்துப் பார்த்தாள். விரல் தானாகவே எட்டுக்குப் போனது. யோசிக்கிறதுக்கு முன்பே போனது.

அப்போதுதான் புரிந்தது. பாடியில் பென்ஷன் ஃபாரம், அதற்குப் பிறகு டெலிபோன் பில், பிறகு பேங்க் விண்ணப்பங்கள். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து வராது. ஆகவே மங்கினால் எண். எட்டா பியா என்று நிற்காதே, எட்டு. சைபரா டியா என்று நிற்காதே, சைபர். நின்று யோசிக்கிறவள் விரல்மேல் ஸ்கேலால் ஒரு தட்டு வைத்து, வருஷக்கணக்காக எத்தனையோ பெண்களுக்கு அவள் சொல்லிக் கொடுத்த விதி அது. நாளடைவில் அது விதி என்பதே அவளுக்கு மறந்துபோய் விரலோடு விரலாகிவிட்டது. இந்தப் பழைய கம்ப்யூட்டர் புத்தகத்தில்தான் எழுத்தும் எண்ணாக நிற்கிறது. புரியாத இடத்தில் குறி போட்டு விட்டுவிடுங்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியே அனுப்பியிருந்தார்கள். அவளிடம் பழகிய எவளும் குறி போட மாட்டாள். வடிவும் போடவில்லை, எழிலரசியும் போடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் பார்த்தது இவளை.

எழுந்து ஹேமநாதன் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெருமூச்சு விட்டார், சந்தோஷமாகக்கூட இருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஒரு நேர்மையான பதில் கிடைத்துவிட்டதே. மங்கின இடங்களை மறுபடி பார்த்துத் தருகிறோம் என்று எழுதிவிடலாம்.

"வடிவக்கா லாகினை இப்பவே திறந்துடறேன்," என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நேரிலேயே போனாள். அதே வானகரம், அதே வேலப்பன்சாவடி, கையில் ஒன்றுமில்லை.

வடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் நிறையப் புடவைகள். ஒவ்வொன்றிலும் முகப்பேர் கடைப் பெயர் போட்ட துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. லேப்டாப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, எடுத்துப் போக ஆள் வரட்டும் என்று கதவோரம் சாய்த்திருந்தாள்.

"வா," என்றாள். ஊசியை நிறுத்தவில்லை.

"வடிவு, உன்ன நிறுத்தச் சொன்னது நான்தான்."

"தெரியும். சார் சொல்லல. எனக்காத் தெரியும். அன்னிக்குப் பரங்கிக்கா எடுத்துகினு வந்தியே, டீயக் குடிக்காம அப்டியே வெச்சுட்டுப் போனியே."

ஞானகுமாரி தரையில் உட்கார்ந்தாள். விதியைச் சொன்னாள், பொறியைச் சொன்னாள், தன் ஃபைலில் வந்த தப்பைச் சொன்னாள், ஜெகதீசன் தன்னைப் பார்த்த பார்வையையும் சொன்னாள். வடிவு எல்லாவற்றையும் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கும் அது எட்டாத்தான் தெரிஞ்சுது வடிவு. நம்ம கண்ணே அப்டிப் பழகிப்போச்சு. உனக்கும் அப்டித்தானே?"

"இல்ல. எனக்கு பி-ன்னுதான் தெரிஞ்சுது."

"இன்னாது?"

"நெறைய எடத்துல பி-ன்னு நல்லாவே தெரிஞ்சுது. நீதான் மங்குனா எண்ணுன்னு சொல்லிகீறியே. என் கண்ணு தப்பாப் பாத்திருக்கும், கொமாரி தப்பாச் சொல்ல மாட்டான்னு எட்ட அடிச்சேன்."

உள்ளறையில் அவள் கணவர் ஏதோ கேட்டார். வடிவு எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். ஞானகுமாரி உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். அழக்கூட வெட்கமாக இருந்தது.

"லாகின் தொறந்தாச்சு. நாளைலேந்து நீ அடிக்கலாம். சார் சொல்லி அனுப்பிச்சாரு."

"வோணாம் கொமாரி."

"கோவத்துல சொல்லாத. நீ எப்டி இந்த ஊட்ட ஓட்டுவ? பொடவை தெச்சா பத்துமா?"

"பத்தாதுதான். பாத்துக்கறேன்." வடிவு அடுத்த புடவையைப் பிரித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் ஞானகுமாரிக்குப் பயமாக இருந்தது. "ஊட்டுக்கு எப்ப வேணா வா. சாப்ட்டுட்டுப் போ. வேலைக்கு மட்டும் கூப்டாத. இனிமே உன் கீழ அடிச்சா, நீ சொல்ற ஒவ்வொன்னயும் நெஜமான்னு நான் ரோசன பண்ணிகினே அடிக்கணும். உனக்கு அது வரும். எனக்கு வராது."

கிளம்பும்போது லேப்டாப் பையை வடிவே எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டாள், வார் முறுக்கிக்கொள்ளாமல் சரி செய்தும் விட்டாள். ஞானகுமாரி வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்க்கக் கையை விரித்தாள், கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.